கோலாலம்பூருக்குப் போனால் எதைப் பார்ப்பது?



சென்ற மாதம் எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் தாயார் என்னைப் பார்க்க வந்திருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். "வாத்தியார் ஐயா, வெள்ளிக்கிழமை கோலாலம்பூருக்குப் போகிறோம். மாமனாருக்குக் கண் காட்ட வேண்டும். வீட்டில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு நாள் லீவு கொடுங்கள்" என்றார்.

"தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைக்கு என்னென்ன காட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை வியப்போடு பார்த்தார். "காட்டுவதா? ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம் என்று இருக்கும் ஐயா. அந்த ஊரில் நமக்கு என்ன இருக்கிறது?" என்றார்.

நேயர்களே, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 1988ஆம் ஆண்டு நான் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது என் தகப்பனாரும் இதே சொல்லைச் சொன்னார். சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பெற்றோர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் அக்காளின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் தப்பாக எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தத் தலைநகருக்குத்தான் போகவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் அப்பா, அம்மா, அக்காள், நான் நால்வரும் புறப்பட்டோம். ஓர் அலுவலகத்தின் நடைவழியில், மர பெஞ்சியில், காலை முதல் மாலை மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு தாள் குறைகிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேராகப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பேருந்து ஒரு வளைவில் திரும்பியபோது, செங்கல் கட்டடம் ஒன்றின் உச்சியில் பெரிய கடிகாரம் தெரிந்தது. அவ்வளவுதான் நான் கண்ட கோலாலம்பூர்.

மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "என்னடா பார்த்தாய்?" என்று கேட்டார்கள். பெஞ்சியைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? புலியைப் பார்த்தேன், பறவைக் கப்பலைப் பார்த்தேன் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே, இன்றைய உரையில், வேலையாகத் தலைநகருக்குப் போகும் ஒரு தோட்டக் குடும்பம், போன வேலை முடிந்தபின் கிடைக்கும் அரை நாளில் எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம், அந்த ஊரில் நமக்கு என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். பணம் செலவழித்துப் பார்க்கும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவற்றுக்கு விளம்பரம் செய்ய ஆள் இருக்கிறது.

முதலில் ஒரு சிறு எச்சரிக்கை. பல அரசாங்க அலுவலகங்கள் இப்போது கோலாலம்பூரில் இல்லை. 1999ஆம் ஆண்டு தொடங்கி அவை புத்ராஜாயாவுக்கு மாறிவிட்டன. சில வேலைகளை உங்கள் மாவட்ட அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளலாம். புறப்படுமுன் பள்ளி ஆசிரியரிடமோ, தோட்ட அலுவலகக் கிராணியிடமோ, விவரம் தெரிந்த பிள்ளைகளிடமோ கேட்டு, எந்த ஊர், எந்தக் கட்டடம், என்னென்ன தாள்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அன்று அப்படி எழுதிக் கொடுக்க ஆளில்லை.

தெற்கேயிருந்து வரும் பேருந்துகள் இப்போது பழைய புடுராயாவுக்குப் போவதில்லை. பண்டார் தாசேக் செலாத்தானில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பேருந்து நிலையத்தில்தான் இறக்கிவிடுகிறார்கள். அங்கே இறங்கியதும், "எங்கே போகிறீர்கள், நான் கொண்டு போகிறேன்" என்று கையைப் பிடிக்க வருபவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நிலையத்தோடு சேர்ந்தாற்போல் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் வழியே எல்.ஆர்.டி. ரயிலுக்குப் போய்விடலாம். இயந்திரத்தில் பணம் போட்டால் நீல நிறத்தில் பொத்தானைப் போல் ஒரு பிளாஸ்டிக் வில்லை வரும். அதுதான் டிக்கெட். உள்ளே நுழையும்போது அதைத் தட்டில் தொட்டுக் காட்ட வேண்டும். வெளியே வரும்போது துவாரத்தில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்து விளையாட விடாதீர்கள். என் மாணவன் ஒருவன் அதைத் தொலைத்துவிட்டு அழுத அழுகையில் ரயில் நிலையமே திரும்பிப் பார்த்தது.

அந்த ரயிலில் ஏறி மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்குங்கள். வேறு ரயில் மாறத் தேவையில்லை. இறங்கிய இடத்திலிருந்து சில அடிகள் நடந்தால் இரண்டு ஆறுகள் கூடும் இடம் தெரியும். ஒன்று கிள்ளான் ஆறு, மற்றொன்று கோம்பாக் ஆறு. பெரிய அழகான ஆறுகள் அல்ல. நம் தோட்டத்துப் பெரிய வாய்க்கால்களை நினைவூட்டும் ஆறுகள்தாம். ஆனாலும் பிள்ளைகளை அங்கே இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். கோலாலம்பூர் பிறந்த இடம் அதுதான். 'குவாலா' என்றால் ஆறுகள் கூடும் இடம். 'லும்பூர்' என்றால் சேறு. சேற்றுக் கூடல் என்பதே இந்த மாநகரத்தின் பெயர்.

1857ஆம் ஆண்டு 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடிக் கிள்ளானிலிருந்து படகில் வந்தார்கள். படகு இந்தக் கூடலுக்கு மேல் போகவில்லை. இறங்கிக் காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலில் மாண்டவர்கள் போக 18 பேர்தான் மிஞ்சினார்கள் என்று சொல்லப்படுகிறது. மலைக் காய்ச்சல் என்றால் என்ன என்று தோட்டத்துப் பாட்டிமார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் அதே காய்ச்சலில் போனார்கள்! ஆகையால் இந்த இடத்தில் நின்று அந்த 87 பேரை நினைப்பது நம்மை நினைப்பதும் ஆகும்.

கூடலின் நடுவில், தென்னை மரங்களுக்கிடையே நிற்பது ஜாமெக் பள்ளிவாசல். 1909ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு தேசியப் பள்ளிவாசல் எழும்வரை இதுவே நகரின் முதன்மைப் பள்ளிவாசலாக இருந்தது. இதை வரைந்தவர் ஹப்பெக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடியும் வரும்.

ஆற்றைத் தாண்டினால் நான் பேருந்துச் சன்னலில் கண்ட கடிகாரம் எதிரே நிற்கும். அதுதான் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1894இல் வேலை தொடங்கி 1897இல் முடிந்தது. கடிகாரக் கோபுரம் ஏறத்தாழ 41 மீட்டர் உயரம். செங்கல்லும் வெள்ளைச் சாந்தும் வளைவுகளும் செப்புத் தகட்டுக் குமிழ்களும் கொண்ட இந்தப் பாணி, வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் பழகிக்கொண்டு இங்கே கொண்டு வந்தது. 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று தோன்றும்.

அதன் எதிரில் உள்ள புல்திடல்தான் இன்று மெர்டேக்கா சதுக்கம். அந்தக் காலத்தில் அது சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் திடல். 1884ஆம் ஆண்டு தொடங்கிய கிளப் அது. தோட்டத்துத் துரைமார்கள் விடுமுறை நாளில் வந்து ஆடியதும் குடித்ததும் அங்கேதான். நம் பாட்டனார்கள் அந்தப் புல்லில் கால் வைத்திருக்க முடியாது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில், அதே திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். இன்று அந்தத் திடலில் ஏறத்தாழ 95 மீட்டர் உயரக் கொடிமரம் நிற்கிறது. பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து வலிக்கும். பரவாயில்லை.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தபோது, எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: பிள்ளையை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகுமுன் அதன் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்துவிடு என்று. அப்போது இதன் அருமை எனக்குப் புரியவில்லை. முதன்முதலாக என் வகுப்பை நான் தலைநகருக்கு அழைத்துச் சென்றபோது கேள்வி ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரே நாளில் ஏழு இடங்கள். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் இருபது பேர் மின்படிக்கட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் ஐஸ்கிரீமைப் பற்றி எழுதினார்கள். தப்பு பிள்ளைகளிடம் இல்லை. மறு ஆண்டு மூன்றே இடங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வி. "கடிகாரம் மணி அடிக்கிறதா?" "ஆற்றுத் தண்ணீர் என்ன நிறம்?" "கோயில் கோபுரம் எத்தனை நிலை?" இப்படிச் சாதாரணக் கேள்விகள்தாம். கேள்வி கையில் இருக்கும் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிறது. பெற்றோர்களும் இதைச் செய்யலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

சதுக்கத்திலிருந்து ஆற்றைத் திரும்பக் கடந்தால் லெபோ அம்பாங் தெரு. நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த தெரு அது. பழைய கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. நடந்தபடியே பார்த்துவிட்டுத் தெற்கு நோக்கிப் போனால் மத்திய சந்தை. 1888ஆம் ஆண்டு தொடங்கிய மீன், காய்கறிச் சந்தை. இன்று கைவினைப் பொருள்கள் விற்கும் இடம். சுற்றுலாக்காரர்களுக்கான விலை என்பதால் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். குளிர்சாதனம் உண்டு, சற்று இளைப்பாறலாம்.

அதற்கு அருகில், ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலையில், ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. ஐந்து நிலைக் கோபுரம், ஏறத்தாழ 23 மீட்டர் உயரம். 1873ஆம் ஆண்டு தம்புசாமிப் பிள்ளை அவர்களால் தோற்றுவிக்கப்பட்ட ஆலயம். 1885ஆம் ஆண்டு இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. தம்புசாமிப் பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். கோலாலம்பூர் இன்னும் அத்தாப்புக் குடிசைகளாக இருந்த காலத்தில் இங்கே வந்து, ஊரின் பெரிய மனிதர்களில் ஒருவராக உயர்ந்தவர். 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தைத் தோற்றுவித்தோரிலும் அவர் ஒருவர். 1902இல் மறைந்தார். தைப்பூசத்திற்கு வெள்ளி ரதம் புறப்படுவது இந்தக் கோயிலிலிருந்துதான்.

இந்த இடத்தில் பத்துமலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே கோயில் எழக் காரணமாக இருந்தவரும் இதே தம்புசாமிப் பிள்ளைதான். 1891இல் வழிபாடு தொடங்கியது. 1892இல் முதல் தைப்பூசம். 1920இல் மரப்படிகள், 1940இல் சிமெண்டுப் படிகள். 272 படிகள். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. படிகளுக்கு வண்ணம் பூசியது 2018இல். இதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆயினும் தைப்பூசத்தன்று போகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கிறார்கள். சாதாரண நாளில் ஒரு முறை போங்கள். சுண்ணாம்புப் பாறை எப்படி உருகி வழிந்தது போல் தொங்குகிறது, மேலே உள்ள திறப்பு வழியாக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று அப்போதுதான் பார்க்க முடியும். கே.எல். செண்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் குகை வாசலுக்கே போகிறது. குரங்குகளிடம் மட்டும் கவனம். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அவை அதை உங்களுடையது என்று நினைப்பதில்லை.

மாரியம்மன் கோயிலிலிருந்து தெற்கே நடந்தால் பழைய ரயில் நிலையம் வரும். இங்கே நான் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1910இல் கட்டி முடிக்கப்பட்ட நிலையம் இது. வெள்ளை நிறக் குமிழ்கள், வளைவுகள், கூரை மண்டபங்கள். அரண்மனை என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். இதை வரைந்தவர் யார்? முன்னே சொன்ன ஹப்பெக்தான். எதிரே உள்ள ரயில்வே தலைமையகமும் அவர் வரைந்ததே. 2001இல் கே.எல். செண்ட்ரல் திறக்கப்பட்டபின் இந்த நிலையத்தின் பெருமை குறைந்துவிட்டது. என்றாலும் கொமுட்டர் ரயில் இன்றும் நின்று போகிறது.

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளங்களைப் போட்டதிலும், பின்னர் நாடெங்கும் ரயில் பாதையைக் காத்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வை மிகுதி. மண் வெட்டியவர்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தார்கள். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் எழுத்து வேலைக்கு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வந்தார்கள். நம் பாட்டன் பாட்டிமார் கப்பலில் பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் வயதானவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கப்பலிலிருந்து இறங்கியவர்களை ரயில்தான் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தது. தோட்டத்தில் வெட்டிய பால், ஷீட்டாகிப் பெட்டியில் ஏறித் துறைமுகத்துக்குப் போனதும் ரயிலில்தான். ஆகவே அந்த நிலையத்தின் நடைமேடையில் ஐந்து நிமிடம் நின்று, உங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினார் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேள் என்று சொல்லுங்கள். அதுவே நல்ல கேள்விதான்.

மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து இதுவரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள். ஒரு காசும் செலவில்லை. வேலைக்காட்டில் காலையில் நடக்கும் நடையில் இது பாதி இருக்காது. வயதானவர்கள் கூட இருந்தால் மட்டும், இடையிடையே உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நகருக்குள் சுற்றிவரும் கோ கே.எல். பேருந்து மலேசியர்களுக்கு இலவசம். அதில் ஏறி உட்கார்ந்து சன்னல் வழியே ஊரைப் பார்ப்பதும் ஒரு பார்த்தல்தான்.

அடுத்து தேசிய அரும்பொருளகம். பசார் செனி நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் அடுத்த நிறுத்தமே அதன் பெயரில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்ட கட்டடம் இது. அதே இடத்தில் முன்பு சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945இல் போர்க் காலத்தில் குண்டு விழுந்து அழிந்தது. முகப்பின் இரு பக்கமும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஆன இரண்டு பெரிய சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. நாட்டின் வரலாறும் மக்களின் தொழில்களும் அவற்றில் உள்ளன. உள்ளே நான்கு கூடங்கள்: பழங்காலம், மலாய் அரசுகள், அந்நியர் ஆட்சிக் காலம், இன்றைய மலேசியா.

நான்கையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளை நான் மூன்றாம் கூடத்துக்குத்தான் முதலில் அழைத்துச் செல்வேன். ஈயமும் ரப்பரும் இந்த நாட்டை எப்படி மாற்றின என்பதை அங்கே விளக்கலாம். ஒரு தடவை என் மாணவன் ஒருவனிடம், "நம் தோட்டத்துக்குச் சம்பந்தமான ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்" என்று கேள்வி கொடுத்திருந்தேன். படிப்பில் பின் வரிசைப் பையன், வாய் திறக்காதவன். சிறிது நேரம் கழித்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். "சார், ரப்பர் இருக்கிறது சார். எங்கள் பாட்டி வேலை சார்" என்றான். அவனைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு, உளியை எப்படிப் பிடிப்பது, பட்டையில் எவ்வளவு ஆழம் சீவலாம், ஆழமாகப் போனால் மரம் ஏன் கெட்டுவிடும், மங்கில் பால் எப்போது நிறையும் என்று அவன் பாட்டியிடம் கேட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டான். பட்டணத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த பிள்ளைகளும் நின்று கேட்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவன்தான் ஆசிரியர்.

ரப்பர் நம் நாட்டு மரமல்ல என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். தென் அமெரிக்காவின் பிரேசில் காட்டு மரம் அது. லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் வளர்த்த கன்றுகளில் 22, 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலாகங்சாரில் நடப்பட்டன. மரம் சாகாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி என்பவர் வகுத்துக் கொடுத்தார். அதன் பிறகே தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகியதால் கப்பல்கள் நிறைந்தன. அந்தக் கப்பல்களில்தான் நாம் வந்தோம். கடிகாரக் கோபுரமும் ரயில் அரண்மனையும் எழுந்தது ஈயப் பணத்தால் என்றால், பின்னால் இந்த நகரம் விரிந்ததில் ரப்பர் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கட்டடம் நினைவுக்கு வருகிறது. சுற்றுலாப் புத்தகங்களில் அது இராது. ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தன். சுதந்திரத்திற்குப் பின் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையும் லயமும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கலாம் என்று 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்டம் தோட்டமாக அவர் போய்ப் பேசினார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பத்துப் பத்து வெள்ளியாக மக்கள் கொடுத்தார்கள். என் பாட்டனாரின் பங்குப் பத்திரம், மடித்த இடத்தில் கிழிந்துபோய், இன்றும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கும் கட்டடத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது, உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று மாடிகளை எண்ணினேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரம் இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியை மறக்கக் கூடாது. 1881ஆம் ஆண்டு நெருப்பும் வெள்ளமும் நகரத்தை அழித்தபின், இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதற்குச் செங்கல் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று அங்கே வாழை இலைச் சாப்பாடும், பூக்கடையும், புடவைக் கடையும். கே.எல். செண்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம். ஆனால் உட்காருமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமும் பொரித்த கோழியும் கட்டிக்கொண்டு போய், ஏரிப் பூங்காவின் மர நிழலில் உட்கார்ந்து உண்பதுதான் உத்தமம். 1888இல் தொடங்கிய பூங்கா அது. அரும்பொருளகத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இரட்டைக் கோபுரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று பிள்ளைகள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 88 மாடிகள், 452 மீட்டர் உயரம். 1999இல் திறக்கப்பட்டது. நம் தோட்டத்து முதிர்ந்த பால்மரம் 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினெட்டு மரங்களை நிறுத்த வேண்டும். உலகிலேயே உயரமான கட்டடமாக 2004 வரை இருந்தது. இப்போது மெர்டேக்கா அரங்கின் பக்கத்தில் 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 எழுந்துவிட்டது. மேலே ஏறிப் பார்க்கக் கட்டணம் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு அது கனமான செலவு. கீழே பூங்காவிலிருந்து அண்ணாந்து பார்க்கக் காசு கேட்பதில்லை. இருட்டியபின் நீரூற்று விளக்குகளோடு அழகாக இருக்கும். ஆனால் கடைசிப் பேருந்து நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நடைமுறைச் செய்திகள். பிள்ளையின் சட்டைப் பையில் பெயரும் அப்பா அம்மாவின் தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதம் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் இறங்கியவுடன், "நாம் பிரிந்துவிட்டால் இந்தத் தூணடியில் நிற்க வேண்டும்" என்று ஓர் அடையாளத்தைக் காட்டிவிடுங்கள். பணத்தை ஒரே பையில் வைக்காமல் இருவர் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. மின்படிக்கட்டில் சேலைத் தலைப்பையும் கைலியின் ஓரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அச்சமாக இருந்தால் பக்கத்தில் சாதாரணப் படி எப்போதும் உண்டு. அதில் ஏறுவது பட்டிக்காட்டுத்தனம் அல்ல. வழி தெரியாவிட்டால் சீருடையில் இருப்பவரிடம் கேளுங்கள். தோட்டத்தில் நாம் பேசும் மலாய் போதும். இலக்கணம் பார்த்துப் பதில் சொல்பவர் எவரும் இல்லை.

என் தகப்பனார் 2007ஆம் ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு சனிக்கிழமை அவரை மட்டும் அழைத்துக்கொண்டு போனேன். மெர்டேக்கா சதுக்கத்துப் புல் ஓரத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அன்றைக்குப் பஸ்ஸில் பார்த்தோமே, அதுதானே?" என்றார். அவரும் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "ஆமாம் அப்பா" என்றேன். "இறக்கிக் காட்டியிருக்கலாம். கையில் திரும்பிப் போகிற காசுதான் இருந்தது" என்றார். பிறகு, தேத்தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

கண் காட்டப் போன அந்தக் குடும்பத்துக்கு, இங்கே சொன்னவற்றில் இரண்டே இடங்களை ஒரு தாளில் எழிதாகப் படம் போட்டுக் கொடுத்தனுப்பினேன்: ஆற்றுக் கூடலும் ரயில் நிலையமும். பிள்ளையின் கையில் கொடுத்த கேள்வி, "தாத்தாவின் அப்பா எந்தக் கப்பலில் வந்தார்?" என்பது. திங்கட்கிழமை பதிலைக் கொண்டுவந்து கொடுத்தது. கப்பல் பெயர் தாத்தாவுக்குத் தெரியவில்லையாம். ஆனால் இறங்கிய இடம் பினாங்கு என்றும், அப்போது கையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது என்றும், அது இன்னும் வீட்டில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தது.